நடை, சீனி, போன், இங்கிலிஷ்: பழக்கத்தை மாற்ற எந்த வழியை எடுப்பது?

தை பிறந்ததும் திருகோணமலையில், நாங்கள் திருமலை என்கிற ஊரில், டச்பே கடற்கரைப் பக்கம் விடியப்புறம் போய்ப் பாருங்கள், புதுச் சப்பாத்துகளுக்குக் குறைச்சல் இருக்காது. மாரி ஓய்ந்து காற்றும் குளிர்ச்சியாக இருக்கிற நேரம், யாருக்கும் நடக்க ஆசை வரும். பங்குனி வர அதில் பாதிப் பேரைக் காணோம், சித்திரை வைகாசி வெயில் மிச்சப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும், அப்படியும் தப்பி நடக்கிற இரண்டு மூன்று பேரை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். சனம் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதே சனம்தான் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிறது, கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதம் முழுக்கப் பகலில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்கிறது. மனவுறுதிக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. எடுத்த வழி எடுத்த காரியத்துக்குப் பொருந்துவதில்லை, அதுதான் சிக்கல்.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? முதலில் மனநிலையை மாற்றுவோம் என்று ஊக்கப் பேச்சுகளில் தொடங்குகிறவர்கள் உண்டு. சின்னதாக ஒன்றைத் தொடங்கி ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு முடிச்சுப் போட்டு முடிந்துவைக்கிறவர்கள் உண்டு. ஆள் சேர்த்துக்கொண்டு செய்யலாம், காசையோ மானத்தையோ பணயம் வைக்கலாம், வீட்டில் சாமான் இருக்கிற இடத்தை மாற்றிவிட்டு அது தன் வேலையைச் செய்யட்டும் என்று இருக்கலாம், போனில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளலாம். இவற்றை ஒப்பிட நான் பார்ப்பது ஒன்றுதான்: விட்டுப்போன பிறகு திரும்பப் பிடிப்பது எவ்வளவு சுலபம்? தொடங்குவது எல்லா வழியிலும் சுலபம்தான், அதை வைத்து ஒன்றையும் தெரிவு செய்ய ஏலாது. விட்டுப்போவதோ நிச்சயம். இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறிய கிழமையில் யாரும் நடைப்பயிற்சியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். மழை இல்லாவிட்டால் கலியாணவீடு, செத்தவீடு, பிள்ளையின் ஓ.எல். (சாதாரண தர) சோதனை, கொழும்பிலிருந்து வந்து பத்து நாள் நிற்கிற சித்தப்பா குடும்பம்.

அதற்கு முதல் அந்த 21 நாள் கதையை ஒதுக்கிவைத்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் 22ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்றுதான் கைவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். மேக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய புத்தகத்தில், முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக ஆகக் குறைந்தது 21 நாள் அளவில் எடுக்கிறது என்று சொல்லியிருந்தார். கைமாறிக் கைமாறி வந்ததில் அந்த ‘ஆகக் குறைந்தது’ கழன்று விழுந்துவிட்டது, முகமும் போய்விட்டது, எண் மட்டும் மிஞ்சியது. பழக்கத்தையே நேரடியாக அளந்து பார்த்தது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியின் குழு. 96 பேர், 12 வாரம், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம், அதை ஒவ்வொரு நாளும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். 2010இல் அச்சான அந்த ஆய்வின்படி, யோசிக்காமலே செய்கிற நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள். கெதியாக வந்தவருக்கு 18, ஆகப் பிந்தியவருக்கு 254. (12 வாரம் என்றால் 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பழக்கம் நாளுக்கு நாள் வலுத்த விதத்தைக் காட்டும் வளைகோட்டை முன்னே நீட்டிக் கணக்கிட்டது.) தண்ணீர் குடிப்பது போன்றவை கெதியாகப் பழகின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று சொல்கிற ஆட்களுக்கு இதைக் காட்டலாம்.

மனநிலையை முதலில் மாற்றும் வழிக்கு இன்று நல்ல கிராக்கி. மண்டபம் எடுத்து நடக்கும் ஊக்கப் பேச்சு, அதற்கு ஒரு சான்றிதழ், பிறகு யூடியூப்பில் அதே பேச்சு. இதை முழுக்கத் தள்ளிவிடவும் ஏலாது. ‘எனக்கு கணக்கு வராது’ என்பதை ‘இன்னும் வரவில்லை’ என்று பார்க்கப் பழகுவதைப் பற்றி கரோல் டுவெக் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அந்த வழியில் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 12,000 பேருக்கு, ஒரு மணித்தியாலமும் நிறையாத ஒரு இணையப் பாடத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளின் சராசரிப் புள்ளி, நான்கை உச்சமாகக் கொண்ட அவர்கள் முறையில், 0.1 அளவு கூடியது. ஒரு மணித்தியாலச் செலவுக்கு அது நல்ல வரவுதான், ஆனால் வாழ்க்கையே புரண்டுவிடும் என்று மேடையில் சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. மனவுறுதி ஆய்வுகளின் நிலைமை இதைவிட மோசம். ஆசையை அடக்க அடக்க மனவுறுதி செலவாகித் தீர்ந்துவிடும் என்று 1998இல் உளவியலாளர் ரோய் போமைஸ்டரின் குழு, பிஸ்கட்டை முன்னால் வைத்துவிட்டு முள்ளங்கியைத் தின்னச் சொல்லிக் காட்டியது பிரபலமாகி, எல்லாரும் நம்பி, 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து அதே கருத்தைத் திரும்பச் சோதித்தபோது சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பப் பிடிப்பதற்கு இந்த வழி எப்படி? மோசம். உற்சாகம் இறங்கிவிட்டால் இன்னொரு பேச்சுக்குக் காத்திருக்க வேண்டும். இதற்குக் காசு கட்டுவதானால் கட்டுங்கள், ஆனால் மற்ற வழிகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.

சின்னதாகத் தொடங்கி முடிந்துவைப்பது சத்தமில்லாத வழி. ‘இன்னது நடந்தவுடன் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது சும்மா ‘செய்வேன்’ என்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. பீற்றர் கோல்விட்சர், பஸ்கல் ஷீரன் என்ற உளவியலாளர்கள் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது. இங்கத்தைய வாழ்க்கையில் இதற்கு இடம் தாராளம். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு எப்படியும் போகிறீர்கள் என்றால், ஓட்டோவை மேலே வரை விடாமல் கோட்டை வாசலில் இறங்கி நடந்துவிடலாம்; ஏற்றம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, மான்கள் இருக்கின்றன, நடை என்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வருகிறவர், சீட் கிடைத்து இருந்தவுடன் ஒரு இங்கிலிஷ் செய்தியை வாசிக்கலாம். சீனக்குடாவில் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும்: மணியை நம்பக் கூடாது. இந்தக் கிழமை காலை ஷிப்ட், அடுத்த கிழமை இரவு ஷிப்ட் என்று மாறுகிறவருக்கு ‘காலை ஐந்தரைக்கு’ என்பது எதற்கும் உதவாது. ‘வேலையால் வந்து குளித்த பிறகு’ என்று வைத்தால் எந்த ஷிப்டிலும் குளிக்கத்தானே வேண்டும். திரும்பப் பிடிக்கிற விஷயத்தில் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் போடுவேன், மழைக்காக ஒரு வெள்ளி விட்டாலும் அடுத்த வெள்ளி தானாக வருகிறது. குறை என்னவென்றால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. ‘நான் பத்து நிமிசம் நடக்கிறேன்’ என்று பெருமையாக யாரிடம் சொல்வது? அந்த வெட்கத்திலேயே பலர் முதல் நாளே ஒரு மணித்தியாலம் நடந்து, மூன்றாம் நாள் முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

ஆள் சேர்ப்பது முதல் இரண்டு மாதத்துக்கு எல்லாவற்றையும் வென்றுவிடும். ஐந்தே காலுக்கு வாசலில் வந்து சைக்கிள் மணி அடிக்கிற ஒருவர் இருந்தால் எழும்பாமல் இருக்க முடியாது. ஆனால் குழு என்பது பெரும்பாலும் ஒரே ஒருவர்தான், மற்றவர்கள் அவருக்குப் பயந்து வருகிறவர்கள். அவருக்கு வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ மாற்றம் வந்தால் குழுவும் கூடவே போய்விடும். இன்னொரு ஆபத்து, நடை முடிந்து போகிற தேத்தண்ணிக் கடை. வாடகைக்கு வீடு பார்க்கிறது முதல் அரசியல் வரை அங்கே கதைத்துத் தீர்த்து, இரண்டு வடையும் ஒரு பால்தேத்தண்ணியும் உள்ளே போனால் நடந்ததற்குக் கணக்குச் சரி. இருந்தாலும் தனிமையில் இருக்கிற வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், நடை நின்றாலும் கதை நிற்காதே. வாட்ஸப் குழுவில் ‘இன்று 8,000 அடி’ என்று போடுவதை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே யாரும் வாசலில் வந்து மணி அடிப்பதில்லை.

அடுத்தது பணயம். பிலிப்பைன்ஸில் புகைப்பவர்களுக்கு ஒரு வங்கிக் கணக்கு கொடுத்தார்கள்: ஆறு மாதம் காசு போட்டு வா, முடிவில் சிறுநீர்ச் சோதனையில் தேறினால் எல்லாம் உனக்கு, தேறாவிட்டால் முழுக் காசும் தருமத்துக்கு. 2010இல் வெளியான முடிவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கணக்கைத் திறந்தவர்கள் வாய்ப்புக் கிடைத்தவர்களில் 11 சதவீதம் மட்டுமே. அப்படியிருந்தும் வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட அந்தக் குழுவில் தேறியவர்கள் 3 சதவீதப் புள்ளி அதிகம், ஒரு வருடம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. அமெரிக்காவில் 2015இல் வந்த இன்னொரு ஆய்விலும் அதே கதை: புகையை விட்டால் பரிசு என்றால் 90 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள், உன் காசை முதலில் கட்டு என்றால் 14 சதவீதம்கூட வரவில்லை, ஆனால் ஒத்துக்கொள்கிற ஆளுக்கு, கட்டின காசுதான் நன்றாக வேலை செய்தது.

நம்மிடம் இந்த ஏற்பாடு எப்போதோ இருக்கிறது, பெயர்தான் சீட்டு. வங்கியில் மாதம் ஆயிரம் ரூபாய் சேர்க்க முடியாதவர் சீட்டுக் காசைத் தவறாமல் கட்டுகிறார். சீட்டுப் பிடிக்கிற அக்கா படலையில் வந்து நிற்பார், கட்டாவிட்டால் பாதிக்கப்படுகிற, அந்த மாதம் சீட்டை எடுக்க இருக்கிற ஆள் யார் என்று தெருவுக்கே தெரியும். கோயிலுக்கு வைக்கிற நேர்த்திக்கடனும் அப்படியே, பார்த்துக்கொண்டிருப்பது கடவுள் என்பதால் ஏமாற்றவும் ஏலாது. இந்த வழியின் பலவீனம் அதற்கு ஒரு கடைசி நாள் இருப்பது. சஷ்டி விரதத்தில் ஆறு நாளும் தேத்தண்ணிகூட வாயில் வைக்காமல் இருந்தவர் பாரணை அன்று விட்ட இடத்தில் பிடிக்கிறார், அதில் பிழையும் இல்லை, விரதம் விரதமாக இருப்பதற்கு அந்த முடிவு வேண்டும். எதையாவது நிறுத்துவதற்கும், முடிவுத் திகதி உள்ள ஒரு சோதனைக்குப் படிப்பதற்கும் பணயத்தை எடுங்கள். வருடக்கணக்கில் ஓட வேண்டியதற்கு எடுக்காதீர்கள். காசை யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். சிநேகிதர் திருப்பித் தந்துவிடுவார். குடும்பத்தில் கொஞ்சம் கண்டிப்பான மாமி ஒருவர் இருப்பார் அல்லவா, அவரிடம்.

எனக்குப் பிடித்த வழி சாமானை இடம் மாற்றுவது. என் பெரியம்மா பிளேன்ரீ குடிக்கிற விதம் பழைய ஆட்களுக்குத் தெரியும்: உள்ளங்கையில் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு, சீனி முடிந்தால் இன்னும் கொஞ்சம். சலரோகம் (நீரிழிவு) என்று தெரிந்த பிறகு கிளினிக்கில் சொன்னார்கள், பிள்ளைகள் சொன்னார்கள், நான் சொன்னேன், அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே கையை நீட்டுவார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. தேயிலைப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த சீனிப் போத்தலை எடுத்துச் சாமான் அறையில் மேல்தட்டில் வைத்துவிட்டு, அடுப்படியில் ஒரு சின்னச் சிமிழில் அன்றன்றைய சீனியைப் போட்டு வைத்தார். சிமிழ் முடிந்தால் சாமான் அறைக்குப் போய் ஸ்டூலில் ஏற வேண்டும், பெரியம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. நான் போனபோது, “மகன், இவள் என்னைத் திரும்பக் கூப்பன் காலத்துக்குக் கொண்டுபோயிட்டாள், சொல்லி வை” என்றார். (கடையில் சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம் அது.) மருமகள் உள்ளேயிருந்து, “கூப்பனில தந்ததைவிடக் கூடத்தான் மாமி போட்டிருக்கிறன்” என்றார். பெரியம்மா சீனியை விடவில்லை, குறைந்தது. செத்தவீட்டுக்குப் போனால் அங்கே தருகிற சீனித் தேத்தண்ணியை இரண்டாகவே குடித்துவிட்டு வருவார். ஆனால் வீட்டுக்கு வந்தால் போத்தல் மேல்தட்டில்தான் இருக்கிறது, திரும்பத் தொடங்குவதற்கு அவர் ஒரு முடிவும் எடுக்க வேண்டியதில்லை. வேறெந்த வழியிலும் இது இல்லை.

இதற்கு ஆய்வுப் பக்கமும் இருக்கிறது. வெண்டி வுட் என்ற உளவியலாளர் 2002இல் மாணவர்களை மணிக்கு மணி குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்ததில், அன்றாடச் செயல்களில் 43 சதவீதம் அளவு அநேகமாக ஒவ்வொரு நாளும், பெரும்பாலும் அதே இடத்தில், மனம் வேறெங்கோ இருக்கச் செய்யப்படுபவை. 2005இல் பல்கலைக்கழகம் மாறிப் போன மாணவர்களைப் பார்த்தபோது, இடம் பழையதைப் போல இருந்தால் பழைய பழக்கம் தொடர்ந்தது, இடம் மாறிவிட்டால் பழக்கம் அறுந்தது. ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் மாற்றம் வருகிற நாட்டில் இது உதவுகிற தகவல். திருமலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்து உவர்மலையில் ஒரு அறை எடுத்திருக்கிறீர்கள் என்றால், பெட்டியைத் திறக்கும்போதே போன் சார்ஜரைக் கட்டில் பக்கம் செருகாமல் விறாந்தையில் செருகுங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றுவதைவிட அன்றைக்கு மாற்றுவது சுலபம். தனி அறை இல்லாத வீட்டில், ஐந்து பேர் இருக்கிற இடத்தில், சாமானை நினைத்தபடி மாற்றிவைக்க ஏலாது என்பது உண்மை. அங்கே வீட்டில் ஒருவரையாவது சம்மதிக்கவைத்த பிறகுதான் இந்த வழி.

செயலிகளைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும், ஒரு நாள் கரண்ட் போய் போன் செத்தால் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்துவிடும், பிறகு திறக்கவே மனம் வராது. தவறிய ஒரு நாளைத் தண்டிப்பதால் என் அளவுகோலில் இது கடைசி. போனைக் குறைக்க விரும்புகிறவர் அதற்கும் போனையே எடுப்பது வேறு விஷயம். கலண்டரில் பென்சிலால் புள்ளடி போடுங்கள், போதும்.

நடையை எடுத்தால், முடிந்துவைப்பதுதான் என் தெரிவு, ஆனால் ஐப்பசியில் தொடங்குங்கள். புது வருடம், மாதத்தின் தொடக்கம், திங்கட்கிழமை என்று வந்தால் ஆட்கள் உடற்பயிற்சிக்கு அதிகம் போகிறார்கள் என்று 2014இல் ஒரு ஆய்வு காட்டியது, அந்த உந்துதல் உண்மைதான், இங்கே தை மாதம் நல்ல காலநிலையையும் கூடக் கொடுத்து ஏமாற்றுகிறது. மழை மாதத்தில் தொடங்குகிறவர் மழைக்குத் தக்க அளவில்தான் தொடங்குவார், பின்னேரத் தேத்தண்ணி குடித்தவுடன் விறாந்தையில் பத்துச் சுற்று, மழை விட்டிருந்தால் சந்தி வரை. அது தை வந்ததும் தானாக நீளும், திரும்ப மழை வந்தால் சுருங்கும், அறாது. சீனி, போன், இரவு பத்து மணிக்கு பிஸ்கட் டின்னைத் திறப்பது, இவையெல்லாம் இடம் மாற்றுவதற்கு உரியவை. இங்கிலிஷ் பேசப் பழகுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசனில் விடுதிகளில் வேலை செய்கிற தம்பிமார் ரியூசனுக்குப் போனவர்களைவிட நன்றாகப் பேசுவது அதனால்தான். பஸ்ஸில் வாசிப்பது கூட உதவும், ஆனால் வாய் திறக்காமல் பேச்சு வராது. சிகரெட்டுக்கும் குடிக்கும் பணயத்தை எடுக்கலாம், தினமும் நிறையக் குடிக்கிறவர் மட்டும் திடீரென்று தனியே நிறுத்த வேண்டாம், வலிப்பு வரை போகக்கூடிய ஆபத்து அது, முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

இரண்டைச் சேர்க்கலாமா என்றால், இடம் மாற்றுவதையும் முடிந்துவைப்பதையும் சேர்த்தால் நல்லது: சப்பாத்தைத் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற மேசைக்குக் கீழே வைப்பது இரண்டுமே ஆகிவிடும். குழுவையும் காசுப் பணயத்தையும் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். வராதவர் ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டும் என்று தொடங்கினால், முதல் மாதம் கட்டுவார்கள், இரண்டாம் மாதம் காய்ச்சல் என்பார்கள், மூன்றாம் மாதம் அந்தக் காய்ச்சல் உண்மையா பொய்யா என்று கதை வரும், பிறகு ஆளையாள் பார்த்தால் றோட்டின் மற்றப் பக்கம் கடப்பார்கள்.